25 டிகிரி என்னும் எண்: வெப்பமண்டல வண்ண மீன்களும் தொட்டி நீரின் வெப்பநிலையும்

வெப்பமண்டல நன்னீர் வண்ண மீன்களை வளர்ப்பதற்கான கையேடுகளில் பெரும்பாலானவை 24 முதல் 26 டிகிரி செல்சியஸ் வரையான வெப்பநிலையைப் பரிந்துரைக்கின்றன. கடைகளில் கேட்டாலும் 25 டிகிரி இருந்தால் போதும் என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கிறது. இந்த எண் தவறானது அன்று; ஆனால் எந்த ஒரு மீனின் உடலிலிருந்தும் பிறந்த எண்ணும் அன்று. அமேசான் ஓடைகளின் டெட்ராவும் தென்கிழக்கு ஆசியாவின் கௌராமியும் மத்திய அமெரிக்காவின் மோலியும் ஒரே நீரில் நீந்தும் கலப்புத் தொட்டிக்கு, எதற்கும் பெரிய கேடு செய்யாத நடுப்புள்ளியாக அது நிலைபெற்றது. அத்தொட்டிகளும் பெரும்பாலும் குளிர்ந்த நாடுகளின் வீடுகளில் இருந்தவை. அறையின் வெப்பநிலை ஆண்டில் பல மாதங்கள் 28 டிகிரியை ஒட்டியோ அதற்கு மேலோ நிற்கும் சென்னை போன்ற நகரில், நீரை எப்படிச் சூடாக்குவது என்னும் கேள்வி, அதை எப்படிச் சூடேறாமல் காப்பது என்பதாகத் தலைகீழாகிறது. கேள்வி மாறும்போது விடையின் அடிப்படையும் மாறியாக வேண்டும்.

சூடாக்குதலே வெப்பநிலை மேலாண்மை என்னும் எண்ணத்துக்கு ஒரு வரலாறு உண்டு. கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கும் வழக்கம் 1850களில் இங்கிலாந்தில் பரவியபோது அதில் இடம்பெற்றவை அந்நாட்டுக் குளங்களிலும் கடற்கரையிலும் பிடிபட்ட குளிர்நீர் உயிரிகளே. 1869இல் பிரான்சுக்கு வந்து, அங்கே பியர் கார்போனியே இனப்பெருக்கம் செய்த பாரடைஸ் மீன் கிழக்காசியாவைச் சேர்ந்தது, குளிரைத் தாங்கவல்லது, ஆகவே சூடாக்கும் ஏற்பாடு இல்லாமலே பிழைத்தது. அதற்குப் பின் வந்த மெய்யான வெப்பமண்டல மீன்களுக்காகத் தொட்டியின் அடித்தளத்தைப் பலகைக்கல்லால் அமைத்து, அதன்கீழ் எரிவாயுச் சுடரையோ எண்ணெய் விளக்கையோ எரியவிடும் முறை கையாளப்பட்டது. தெர்மோஸ்டாட் பொருத்திய மின் ஹீட்டர் வந்த பிறகே இத்துறை வீட்டுக்கூடத்துக்குள் பரவலாக நுழைந்தது. நீர் எல்லை கடந்து சூடானால் என்ன செய்வது என்பதற்கு அந்த மரபில் தனி அத்தியாயம் அரிதாகவே இருந்தது, அதற்கான தேவையும் அங்கு அரிதாக இருந்ததால்.

மீனின் உடல்வெப்பம் அது நீந்தும் நீரின் வெப்பமே. சூரை போன்ற சில கடல் மீன்கள் தசைகளில் வெப்பத்தைத் தக்கவைக்கும் திறன் பெற்றவை. தொட்டியில் வளரும் நன்னீர் மீன்கள் எவற்றுக்கும் அது இல்லை. நீர் 10 டிகிரி உயர்ந்தால் உடலின் வேதிவினைகள் ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று மடங்கு விரைவடைகின்றன: இதயம் விரைந்து துடிக்கிறது, செவுள்மூடி விரைந்து அசைகிறது, உணவு விரைந்து செரிக்கிறது, கழிவும் விரைந்து சேர்கிறது. கனடாவின் டொராண்டோவில் எஃப். ஈ. ஜே. ஃப்ரை என்னும் ஆய்வாளர் 1940களில் தங்கமீன்களை வைத்துச் செய்த ஆய்வுகள் இத்துறைக்கு அடித்தளம் இட்டன. ஒரு மீன் தாங்கக்கூடிய உச்ச வெப்பநிலை நிலையான எண் அன்று என்பதும், அது முன்பு பழகியிருந்த வெப்பநிலையைப் பொறுத்து மாறுகிறது என்பதும் அவற்றால் தெளிவாயின. தங்கமீனில், பழகிய வெப்பநிலை 3 டிகிரி உயர்ந்தால் தாங்கும் உச்சம் ஏறத்தாழ 1 டிகிரி உயர்கிறது. பழகுதல் உதவுகிறது, ஆனால் மூன்றுக்கு ஒன்று என்னும் கணக்கில்தான் உதவுகிறது என்பதை, 'நம்ம ஊர் மீன்களுக்குச் சூடு பழகிவிடும்' என்று தேற்றிக்கொள்வோர் நினைவில் கொள்வது நல்லது.

வெப்பத்தின் கேடு எங்கே தொடங்குகிறது என்பதை ஆக்சிஜன் கணக்கு தெளிவாகக் காட்டுகிறது. கடல்மட்ட உயரத்தில், காற்றோடு சமநிலையில் உள்ள நன்னீர் 20 டிகிரியில் லிட்டருக்கு ஏறத்தாழ 9.1 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும்; 25 டிகிரியில் அது 8.3, 30 டிகிரியில் 7.6, 32 டிகிரியில் 7.3 மில்லிகிராம் எனக் குறைகிறது. 25லிருந்து 32க்கு ஏறும்போது கையிருப்பு குறைவது சுமார் 12 விழுக்காடுதான். இதை மட்டும் பார்ப்பவர் கவலைப்பட ஏதுமில்லை என்றே முடிவு செய்வார். ஆனால் அதே 7 டிகிரி உயர்வில் மீனின் தேவை, மேற்சொன்ன இரட்டிப்பு விதியைக் குறைந்த அளவில் எடுத்துக்கொண்டாலும், 60 விழுக்காட்டுக்கு மேல் கூடிவிடுகிறது. வடிகட்டியிலும் மணலிலும் வாழும் பாக்டீரியாக்கள் ஆக்சிஜனை உண்ணும் வேகமும் உடன் கூடுகிறது. ஆக, சூடான தொட்டியின் சிக்கல் வரவு குறைவதைவிடச் செலவு பெருகுவதிலேயே மிகுதியாக உள்ளது. செலவைக் கட்டுப்படுத்த வளர்ப்பவரிடம் இரண்டு வழிகள் உள்ளன: மீன்களின் எண்ணிக்கையைக் குறைப்பது, தீனியைக் குறைப்பது. இரண்டுக்கும் காசு செலவில்லை. அதனால்தானோ என்னவோ இவற்றைப் பரிந்துரைப்போரும் குறைவு.

ஆக்சிஜன் பற்றாக்குறைதான் வெப்பத்தால் மீன் சாவதற்குக் காரணமா என்பது அறிவியலில் இன்னும் முடியாத வழக்கு. ஜெர்மன் ஆய்வாளர் ஹான்ஸ்-ஓட்டோ போர்ட்னர் முன்வைத்த கோட்பாட்டின்படி, வெப்பம் கூடும்போது இதயமும் செவுளும் உடலின் ஆக்சிஜன் தேவைக்கு ஈடுகொடுக்க முடியாமற்போவதே விலங்கின் வெப்ப எல்லையைத் தீர்மானிக்கிறது. ஃபிரெட்ரிக் யூட்ஃபெல்ட் முதலியோர் 2018இல் இதனை மறுத்து எழுதினர். ஆக்சிஜன் நிறைந்த நீரிலும் பல மீன்களின் உச்ச எல்லை அவ்வளவாக உயர்வதில்லை என்பதும், நரம்பு மண்டலம், நொதிகள், உயிரணுச் சவ்வுகள் ஆகியவற்றின் சீர்குலைவும் காரணமாகலாம் என்பதும் மறுப்போர் பக்கத்து வாதங்கள். தொட்டி வளர்ப்பவரைப் பொறுத்தவரை இந்த வழக்கின் தீர்ப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆய்வகத்தில் காற்றூட்டிய நீரில் உச்ச எல்லை எதுவாயினும், வீட்டுத் தொட்டியில் அந்த எல்லையை எட்டுவதற்கு நெடுநேரம் முன்பே, ஆக்சிஜன் குறைந்த நீரில் மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாய் திறந்து திணறத் தொடங்கிவிடுகின்றன. ஃபைட்டரும் கௌராமியும் இதற்கு விலக்கு. தலைக்குள் அமைந்த சிக்கறை உறுப்பின் துணையால் அவை காற்றை நேரடியாகச் சுவாசிப்பவை. கோடையில் ஒரு தொட்டியில் மற்றவை மடிந்து கௌராமி மட்டும் எஞ்சியிருந்தால், சாவுக்குக் காரணம் வெப்பம் மட்டும் அன்று, மூச்சும்தான் என்று ஊகிக்கலாம்.

ஆக்சிஜனுக்கு அடுத்தது அம்மோனியா. மீனின் கழிவில் வரும் அம்மோனியா நீரில் இரு வடிவங்களில் உள்ளது. அயனியாகாத வடிவமே நஞ்சு, அதன் பங்கு காரத்தன்மையோடும் வெப்பத்தோடும் கூடுகிறது. நீரின் பி.எச். அளவு 8 ஆக இருக்கும்போது 25 டிகிரியில் மொத்த அம்மோனியாவில் ஏறத்தாழ 5.4 விழுக்காடு நஞ்சு வடிவில் இருக்கும். 30 டிகிரியில் அது 7.5 விழுக்காடாகிறது. கடினமும் காரமும் மிக்க ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்துவோருக்கு, சோதனைக் குப்பி காட்டும் அதே நிறம் கோடையில் கூடுதல் கேட்டைக் குறிக்கிறது.

இனி 'வெப்பமண்டல மீன்' என்னும் சொல்லையே சற்று ஐயத்தோடு பார்க்க வேண்டும். நியான் டெட்ராவும் கார்டினல் டெட்ராவும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. கடையில் அடுத்தடுத்த தொட்டிகளில் வைக்கப்படுபவை. நீலக்கோட்டின்கீழ் சிவப்பு எவ்வளவு நீளம் ஓடுகிறது என்பதைக் கொண்டே பலர் அவற்றை வேறுபடுத்துவர். ஆயினும் மேற்கு அமேசானின் நிழலடர்ந்த ஓடைகளிலிருந்து வந்த நியானுக்கு 20 முதல் 26 டிகிரி உகந்தது. ரியோ நீக்ரோவின் கரும்பழுப்பு நீரில் வாழும் கார்டினலோ 28, 29 டிகிரியிலும் நலமாக இருக்கும். டிஸ்கஸ் 28 முதல் 30 வரை கேட்கிறது. தெற்கு பிரேசில், அர்ஜெண்டினாப் பகுதிகளின் மிளகுக் கோரிடோராஸ் 18 முதல் 23 வரையிலான நீரில் வாழ்வது. அதன் உறவினமான ஸ்டெர்பாய் கோரிடோராஸ் டிஸ்கஸுடன் வாழவல்லது. எல்லாக் கடைகளிலும் விற்கும் தங்கமீன் வெப்பமண்டல மீனே அன்று. ஆய்வகங்களில் 28.5 டிகிரியில் வளர்க்கப்படும் வரிக்குதிரை மீன், வட இந்தியாவின் ஓடைகளிலும் வயல்களிலும் அதைவிடக் குளிரான குளிர்காலத்தையும் கடுமையான கோடையையும் கடந்து வருவது.

அண்டைப் பகுதியின் மீன் என்பதாலேயே அது நம் வெயிலுக்குத் தகுந்தது என்றும் கொள்ள முடியாது. மிஸ் கேரளா என்று வணிகத்தில் பெயர்பெற்ற டெனிசன் கெண்டையை 1865இல் விவரித்த ஃபிரான்சிஸ் டே, அப்போது மதராஸ் ஆளுநராக இருந்த வில்லியம் டெனிசனின் பெயரையே அதற்குச் சூட்டினார். மேற்குத் தொடர்ச்சி மலையின் விரைந்தோடும், ஆக்சிஜன் நிறைந்த ஓடைகள் அதன் வாழிடம். 25 டிகிரிக்கு மேல் நெடுநாள் இருப்பது அதற்கு ஒவ்வாது. மதராஸ் ஆளுநரின் பெயரைத் தாங்கிய மீன் மதராஸின் கோடையைத் தாங்குவதில்லை.

உயிரோடு இருப்பது மட்டுமே அளவுகோல் ஆகாது. 1960களில் ராபர்ட் லியுவும் ராய் வால்ஃபோர்டும், ஒரு மழைப்பருவத்துக்குள் வாழ்ந்து முடியும் தென்னமெரிக்காவின் ஆண்டு மீன்களைச் சில டிகிரி குறைந்த நீரில் வளர்த்தபோது, அவை நெடுநாள் வாழ்ந்ததோடு வளர்ச்சியிலும் பின்தங்கவில்லை. 1996இல் உவே ரோமரும் வொல்ஃப்காங் பைசன்ஹெர்ட்ஸும் வெளியிட்ட ஆய்வு, அபிஸ்டோகிராமா என்னும் குறுஞ்சிக்லிட் மீன்களில் குஞ்சுகளின் பால்விகிதம் வெப்பநிலையைச் சார்ந்திருப்பதையும், சூடான நீரில் ஆண்கள் மிகுவதையும் காட்டியது. சூட்டில் விரைந்து வளர்ந்த மீனைக் கண்டு மகிழ்பவர் அதன் ஆயுளில் ஒரு பகுதியையும் சேர்த்தே செலவழிக்கிறார்.

வெப்பநிலை இம்மியும் மாறாமல் இருக்க வேண்டும் என்னும் அறிவுரையும் மறுபரிசீலனைக்கு உரியது. இயற்கை நீர்நிலைகள் பகலில் சூடேறி இரவில் தணிகின்றன. நிழலிலும் வெயிலிலும், மேலும் கீழும் வேறுபடுகின்றன. நோயுற்ற மீன்கள் வாய்ப்புக் கிடைத்தால் சூடான பகுதியைத் தேடிச்சென்று ஒருவகைக் காய்ச்சலை வரவழைத்துக்கொள்வது 1970களிலேயே பதிவாகியுள்ளது. தொட்டி முழுவதும் ஒரே சூடாக இருந்தால் அந்தத் தெரிவு மீனுக்கு இல்லை. பகலுக்கும் இரவுக்கும் இடையே 2, 3 டிகிரி மெல்ல ஏறி இறங்குவது கேடன்று. கேடு செய்வது வேகம். அதிலும் திடீர்க் குளிர்ச்சி. சூட்டுக்குப் பழகுதல் ஓரிரு நாட்களில் நிகழ்வது, குளிருக்குப் பழகுதல் அதைவிட நெடுநாள் பிடிப்பது. பாலித்தீன் பையோடு மீனைத் தொட்டியில் 15, 20 நிமிடம் மிதக்கவிடும் வழக்கம் இந்த வேகத்தைத் தணிப்பதற்கே.

சென்னையின் நிலைமையை இப்பின்னணியில் வைத்துப் பார்க்கலாம். நுங்கம்பாக்கம் நிலையத்தில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானது. அதே நிலையத்தின் மிகக் குறைந்த பதிவு 13.9 டிகிரி. மே மாதத்தில் வழக்கமான பகல் உச்சமே 37 டிகிரியைத் தாண்டும். மொட்டைமாடிக்கு நேர்கீழே உள்ள அறையில், மேற்குச் சுவரை ஒட்டி வைத்த தொட்டி, இரவிலும் தணியாத சுவரிலிருந்து சூட்டை வாங்கிக்கொண்டே இருக்கிறது. தொட்டிக்குள் இயங்கும் பம்பும் மேலே எரியும் விளக்கும் உண்ணும் மின்சாரத்தின் பெரும்பகுதி கடைசியில் நீரிலேயே வெப்பமாக முடிகிறது என்பது பலர் கணக்கில் கொள்ளாத ஒன்று. இவற்றைவிட மோசமானது வீட்டுக்கு நீர் தரும் மாடித் தொட்டி. வெயிலில் நிற்கும் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியின் நீர் பிற்பகலில் கை பொறுக்காத சூட்டை எட்டுகிறது. ஞாயிற்றுக்கிழமை மதிய ஓய்வில் தொட்டியைச் சுத்தம் செய்து குழாயைத் திறந்துவிடுபவர், கால்பங்கு நீரை மாற்றும் நேரத்தில் மொத்த நீரையும் பல டிகிரி உயர்த்திவிடக்கூடும். கோடையில் நீர் மாற்றுவதற்கு உரிய நேரம் அதிகாலை. அல்லது முந்தைய இரவே வாளியில் பிடித்து வீட்டுக்குள் வைத்த நீர்.

குளிர்விக்கும் முறைகளுள் முதலில் கைக்கு வருவது பனிக்கட்டி. ஒரு கிலோ பனிக்கட்டி உருகி, உருகிய நீர் 28 டிகிரிக்கு வருவதற்கு ஏறத்தாழ 450 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்சும்; 100 லிட்டர் நீரை ஒரு டிகிரி குறைக்க 418 கிலோஜூல் வேண்டும். ஆக, ஒரு லிட்டர் புட்டியை உறையவைத்து மிதக்கவிட்டால் கிடைப்பது ஒரு டிகிரிக்குச் சற்று மேல், அதுவும் சில மணிநேரத்துக்கு. ஆவியாதலின் கணக்கு இதைவிடத் தாராளமானது: ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது எடுத்துச்செல்லும் வெப்பம் ஏறத்தாழ 2,400 கிலோஜூல், சூழலிலிருந்து வெப்பம் உள்ளே வராதிருந்தால் 100 லிட்டரை 5 டிகிரிக்கு மேல் குறைக்கப் போதுமானது. மண்பானை நீர் குளிர்வதும் இதனாலேயே. தொட்டியின் மூடியை எடுத்துவிட்டு, கணினிக்குள் இருக்கும் சிறு விசிறி ஒன்றை நீர்ப்பரப்பின்மேல் சாய்வாக ஓடவிட்டால், சில வாட் மின்சாரத்தில் 2 முதல் 4 டிகிரி வரை குறையக் காணலாம். குதிக்கும் இயல்புள்ள மீன்கள் இருந்தால் மூடிக்குப் பதில் வலை போட வேண்டும். ஆவியாவது நீர் மட்டுமே; உப்புகள் தங்கிவிடுவதால், ஈடுசெய்ய ஊற்றும் நீர் கடினம் குறைந்ததாக இருப்பது நல்லது.

விசிறிக்கும் எல்லை உண்டு. ஆவியாதலால் நீர் எட்டக்கூடிய கீழெல்லை, ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவான ஈரக்குமிழ் வெப்பநிலை. காற்று 38 டிகிரியாகவும் ஈரப்பதம் 40 விழுக்காடாகவும் இருந்தால் அது ஏறத்தாழ 27 டிகிரி. காற்று 34 டிகிரிக்குத் தணிந்து ஈரப்பதம் 65 விழுக்காடானால் அது 28 டிகிரியைத் தாண்டிவிடுகிறது. சென்னையில் நண்பகலுக்குப் பின் கடற்காற்று வந்ததும் மனிதர்கள் ஆறுதல் மூச்சு விடுகிறார்கள். தொட்டியின்மேல் ஓடும் விசிறியோ அந்நேரத்தில் வலிமை இழக்கிறது. ஈரப்பதம் குறைந்த உள்மாவட்டங்களில் விசிறி கூடுதலாகப் பயன்படுவதும் இதனாலேயே. இந்த எல்லைக்குக் கீழே நீரைக் கொண்டுபோக, குளிர்சாதனப் பெட்டியின் அமைப்பில் இயங்கும் சில்லரோ குளிரூட்டிய அறையோ வேண்டும். சில்லர் விலை கூடியது. தொட்டியிலிருந்து எடுத்த வெப்பத்தை அதே அறைக்குள் தள்ளுவது. நியானுக்காகவும் டெனிசன் கெண்டைக்காகவும் சில்லர் வாங்குவதைக் காட்டிலும், அவற்றை விட்டுக் கார்டினலையும் ஏஞ்சலையும் கௌராமியையும் டிஸ்கஸையும் தெரிவுசெய்வதே அறிவுடைமை. தொட்டியின் வெப்பநிலை மேலாண்மை மீன் வாங்கும் இடத்திலேயே பாதி முடிந்துவிடுகிறது. சென்னையின் வண்ண மீன் வணிகத்துக்குப் பெயர்பெற்ற கொளத்தூரிலும் அதைச் சூழ்ந்த பகுதிகளிலும் கருவிகளை நம்பாமல் நிழலை நம்பும் முறை ஒன்று உண்டு: கனமான சிமெண்டுத் தொட்டி, மேலே கீற்றுக் கூரை அல்லது பச்சை நிழல்வலை, உள்ளே ஓயாமல் குமிழிடும் காற்றுக்குழாய். நீரின் கொள்ளளவு பெரிதாயின் ஏற்ற இறக்கம் சிறிதாகும்.

இவ்வளவுக்குப் பின்னும் ஹீட்டருக்குச் சென்னையில் வேலை இல்லை என்று சொல்ல முடியாது. கார்த்திகை, மார்கழி மழைநாட்களில் சிறு தொட்டியின் நீர் ஓரிரவில் பல டிகிரி இறங்கும்போதே வெண்புள்ளி நோய் தலைகாட்டுகிறது. அதன் ஒட்டுண்ணி மீனின் தோலுக்கடியில் இருக்கும்போது மருந்துக்கு எட்டாது. உதிர்ந்து, பெருகி, நீரில் நீந்தி அடுத்த மீனைத் தேடும் குறுகிய காலத்தில்தான் அகப்படும். குளிர்ந்த நீரில் வாரக்கணக்கில் இழுக்கும் இச்சுழற்சி 25 டிகிரியில் ஒரு வாரத்துக்குள் முடிகிறது. 30 டிகிரியை ஒட்டி அதன் பெருக்கமே தளர்கிறது. ஆகவே மருந்திடும்போது வெப்பத்தையும் மெல்ல உயர்த்துவது வழக்கம். காற்றூட்டலையும் கூட்டாமல் இதைச் செய்தால் நோயை விரட்டி மூச்சை நிறுத்துவதாக முடியும். உதகையிலும் கொடைக்கானலிலும் ஹீட்டர் ஆண்டு முழுதும் தேவை; அங்கே லிட்டருக்கு ஒரு வாட் என்னும் பழைய கணக்கு பொருந்தலாம். சென்னைக்கு மூடியிட்ட 100 லிட்டர் தொட்டிக்கு 50 வாட்டே பெரும்பாலும் போதும். போதும் என்பதோடு, அதுவே பாதுகாப்பு. ஹீட்டரின் பெரும்பழுது அணைந்துபோவதன்று, தெர்மோஸ்டாட்டின் முனைகள் ஒட்டிக்கொண்டு அணையாமல் எரிவது. அப்படி ஒட்டிக்கொண்ட 200 வாட் ஹீட்டர் 100 லிட்டர் நீரை ஏறத்தாழ 35 நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் ஏற்றும். உறங்கி எழுவதற்குள் தொட்டி வெந்துவிடும். 50 வாட் ஹீட்டர் ஒட்டிக்கொண்டால் அறையைவிடச் சில டிகிரி உயர்ந்து அங்கேயே நின்றுவிடும். நீர் மாற்றும்முன் பிளக்கைப் பிடுங்க மறப்பவரின் ஹீட்டர், வெற்றுக்காற்றில் காய்ந்து, புதுநீர் பட்டதும் கண்ணாடி விரிசல்விடும் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். கண்ணாடியின் வெளிப்புறம் ஒட்டும் நிறம்மாறும் பட்டை வெப்பமானி அறையின் சூட்டையும் கலந்து காட்டுவது. நீருக்குள் மூழ்கும் வெப்பமானியையே நம்ப வேண்டும்.

தொட்டியைப் பார்க்க வேண்டிய நேரம் நண்பகல் அன்று, விடியலுக்கு முந்தைய பொழுது. இரவு முழுதும் செடிகளும் பாக்டீரியாக்களும் மீன்களும் ஆக்சிஜனை உண்ண, ஒளியின்றிச் செடிகள் எதையும் திருப்பித் தராத நிலையில், கரைந்த ஆக்சிஜன் மிகக் குறைவது அப்போதுதான். வெப்பமானி பகலைவிட ஒரு டிகிரி குறைவாகவே காட்டும். மீன்களோ மேற்பரப்பில் வரிசையாக வாயை நீட்டிக்கொண்டிருக்கும். கோடையிரவில் மின்சாரம் போனால் இந்த நேரம் முன்கூட்டியே வந்துவிடுகிறது. ஹீட்டருக்கும் சில்லருக்கும் செலவிடுவதற்கு முன்பு, மின்சாரம் நின்றதும் தானே இயங்கத் தொடங்கும் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று தொட்டியோரம் இருக்க வேண்டும். அதுவும் இல்லாத வீட்டில், மின்சாரம் வரும்வரை குவளையால் நீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருப்பதே மீன்களுக்கு மூச்சு.